'நிகழ்காலத்தில் வாழ்தல்': கலை புராஜெக்ட்டுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

ஓவிய வகுப்பில் இந்தத் தலைப்பைக் கொடுத்தால் முதல் வாரம் என்னென்ன யோசனைகள் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். உருகி வழியும் கடிகாரம், மணற்கடிகாரத்துக்குள் மாட்டிக்கொண்ட மனிதன், கைப்பேசியைப் பார்த்துத் தலை கவிழ்ந்து நிற்கும் கூட்டம், அந்தக் கூட்டத்தின் நடுவே கண்மூடி அமர்ந்திருக்கும் ஒரு பெண். தப்பு என்று சொல்லமாட்டேன். கைவேலை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆனால் அந்தப் பெண்ணை வரைந்தவர், காதில் பாட்டு ஓட, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பேசியைத் தட்டிப் பார்த்தபடிதான் வரைந்திருப்பார். படம் ஒன்று சொல்லும். அது உருவான விதம் வேறொன்று சொல்லும்.

அதனால் இந்தத் தலைப்புக்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றே ஒன்று. செய்துகொண்டிருக்கும்போது கவனம் சிதறினால் வேலை கெடுமா? கெடும் என்றால் அது நிகழ்காலத்தில் செய்கிற கலை. கெடாது என்றால், என்னதான் அழகாக இருந்தாலும், அது நிகழ்காலத்தைப் பற்றிய போஸ்டர். மாணவர்கள் வழக்கமாக எடுத்துக்கொண்டு வரும் ஐந்து வழிகளை இந்தச் சோதனையில் வைத்துப் பார்க்கிறேன். ஐந்தும் சமம் இல்லை. எனக்குப் பிடித்தது எது என்பதையும் மறைக்கப்போவதில்லை.

தினமும் ஒன்று

நிறையப் பேர் முதலில் பிடித்துக்கொள்வது இதைத்தான். முப்பது நாள், முப்பது சின்னப் படங்கள். செலவு குறைவு, கடைசியில் சுவரில் வரிசையாக மாட்டினால் பார்க்கவும் கம்பீரம். இதற்கு முன்னோடி என்று எல்லோரும் சொல்வது ஜப்பானில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த ஆன் கவாராவை. 1966 ஜனவரி 4 அன்று ஒரே நிறப் பின்னணியில் அன்றைய தேதியை மட்டும் வெள்ளை எழுத்தில் தீட்டினார். அடுத்த நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இதையே தொடர்ந்தார். கிட்டத்தட்ட மூவாயிரம் படங்கள். எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊர் மொழியில் தேதி எழுதுவார். ரோமன் எழுத்து இல்லாத மொழி என்றால், உலகப் பொதுமொழியாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் எழுதிவிடுவார். (தமிழ் பேசும் ஊருக்கு வந்திருந்தாலும் நமக்குக் கிடைத்திருப்பது எஸ்பெராண்டோதான்.)

மாணவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்வது தேதி எழுதுவதை. விட்டுவிடுவது அவர் வைத்திருந்த விதியை. நள்ளிரவுக்குள் முடியவில்லை என்றால் அந்தப் படத்தை அழித்துவிடுவார். அந்த விதிதான் வேலையின் உயிர். அது இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை இரவு உட்கார்ந்து ஏழு நாள் படத்தையும் ஒரே மூச்சில் போட்டுவிடலாம். போடுகிறார்கள். ஏழிலும் ஒரே பேனா அழுத்தம், ஒரே சோர்வு. பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

தவறவிட்ட நாளை என்ன செய்வது என்பதுதான் இந்த வழியில் கேட்கவேண்டிய நல்ல கேள்வி. தைவானில் பிறந்த டெச்சிங் ஷே, 1980 ஏப்ரல் முதல் 1981 ஏப்ரல் வரை ஒரு முழு ஆண்டு, ஒவ்வொரு மணி நேரமும் தொழிற்சாலையில் வருகை பதியும் இயந்திரம் போன்ற ஒன்றில் அட்டையைச் செருகி நேரம் பதிந்தார். பகலும் இரவும். பதியும் ஒவ்வொரு முறையும் ஒரு ஃபிரேம் படம். தொடங்கும்போது தலையை மழித்துக்கொண்டதால், ஃபிரேம்களை ஓடவிட்டால் முடி வளர்வது தெரியும். மொத்தம் பதிந்திருக்க வேண்டியது 8,760 முறை. 133 முறை தவறினார். அதை அவர் மூடி மறைக்கவில்லை, கணக்கே வைத்திருந்தார். தூங்கிப்போனது 94, தாமதமானது 29, முந்திக்கொண்டது 10. முப்பது நாள் வரிசையில் நான்கு நாள் வெற்றிடமாக விட்டு, கீழே 'தூங்கிவிட்டேன்' என்று எழுதி வைக்கும் மாணவருக்கு நான் மதிப்பெண்ணைக் கூட்டித்தான் போடுவேன்.

ஒரு எச்சரிக்கை. இந்த வழி நிகழ்காலத்திலிருந்து மெல்ல நழுவி 'காலம் ஓடுகிறது' என்ற வேறு தலைப்புக்குள் போய் விழும். போலந்துக்காரரான ரோமன் ஓபல்கா 1965இல் ஒன்று, இரண்டு என்று எண்களைத் தீட்டத் தொடங்கி, 2011இல் இறக்கும்போது 56 லட்சத்து 7 ஆயிரத்து 249இல் நின்றிருந்தார். மகத்தான வேலை. ஆனால் அதன் முன்னால் நின்றால் மனதில் ஓடுவது இந்தக் கணம் இல்லை, முடிவு. உங்கள் முப்பது படங்களும் வெறும் எண்ணிக்கையாகிவிட்டால் இதே கதைதான். ஒவ்வொரு நாளும் அன்று, அங்கே இருந்த ஒன்று படத்துக்குள் வரவேண்டும். ஜன்னலில் விழுந்த வெளிச்சமாக இருக்கலாம், கை நடுக்கமாகக்கூட இருக்கலாம்.

மறைந்துபோகும் வேலை

பனிக்கட்டி, மணல், தண்ணீர், உதிர்ந்த இலை. இதை எடுத்துக்கொள்பவர்கள் பொதுவாக வகுப்பிலேயே துணிச்சலானவர்கள். கடைசியில் அதிகம் தடுமாறுகிறவர்களும் அவர்கள்தான்.

பெய்ஜிங் கலைஞர் சோங் டோங் 1995 முதல் தன் நாட்குறிப்பைத் தண்ணீரில் எழுதுகிறார். தூரிகையைத் தண்ணீரில் தொட்டு ஒரு கல்லின் மேல் எழுத, அது காய்ந்து போகிறது. அவர் சிறுவனாக இருந்தபோது மையையும் தாளையும் மிச்சம் பிடிக்கத் தந்தை கற்றுக்கொடுத்த எழுத்துப் பயிற்சி அது. எழுதும்போதே முதல் எழுத்து மறையத் தொடங்கிவிடும். திரும்பிப் படிக்க முடியாது, திருத்த முடியாது. மேலே சொன்ன சோதனையில் இதற்கு முழு மதிப்பெண்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கலைஞருக்கு மறைந்துபோனால் போதும். மாணவருக்கு மதிப்பெண் வேண்டும். மதிப்பெண்ணுக்குச் சான்று வேண்டும். அந்தச் சான்றைத் தேடப்போனால் நிகழ்காலம் கைநழுவிவிடுகிறது. நானே பட்டதைச் சொல்கிறேன். படிக்கிற காலத்தில் கருங்கல் பலகையில் தண்ணீரால் எழுதும் ஒரு வேலையைச் செய்தேன். பக்கத்தில் கேமரா. நான்காம் வரி எழுதும்போது கேமராவின் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். ஆறாம் வரியில், எழுத்து படத்தில் தெரியட்டும் என்று தூரிகையை அதிகமாக நனைத்தேன். முடிந்ததும் வீடியோவைப் போட்டுப் பார்த்தால், பத்து நிமிடமும் கேமராவுக்காக எழுதிக்கொண்டிருக்கும் ஒருவன் தெரிந்தான். ஆசிரியர் 'அழகாக இருக்கிறது' என்றார். எனக்குத்தான் உறுத்தல்.

இதைச் சமாளிக்க மூன்று விதங்களைப் பார்த்திருக்கிறேன். கேமராவை நண்பர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, படங்களை மறுநாள் வரை பார்க்காமல் இருப்பது ஒன்று. தொடங்கும் முன் ஒரு படம், முடிந்தபின் ஒரு படம், நடுவில் எதுவும் வேண்டாம் என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: உங்கள் வேலையைக் காட்டவே வேண்டாம், கல்லையும் கிண்ணத்தையும் தூரிகையையும் கண்காட்சியில் வைத்துவிடுங்கள். வருகிறவர் எழுதட்டும். அவர் வாசித்து முடிப்பதற்குள் அவர் எழுதியதே காய்ந்திருக்கும். அதைவிட நல்ல விளக்கக் குறிப்பு யாராலும் எழுத முடியாது. ஒரே நிபந்தனை, மதிப்பிடுகிறவரிடம் முன்கூட்டியே பேசி ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். 'வேலை எங்கே?' என்று அவர் அன்றைக்கு வந்து கேட்கும்படி விடக்கூடாது.

டைம்லாப்ஸ் வேண்டாம். மணிக்கணக்கில் மெதுவாக நடந்த ஒன்றை நாற்பது விநாடியில் ஓட்டிக்காட்டுவது இந்தத் தலைப்புக்குச் செய்யும் துரோகம். 'கலைஞர் பிரான்சிஸ் அலிஸ் செய்தாரே' என்று யாராவது கேட்பார்கள். ஆம், 1997இல் மெக்சிகோ நகரத் தெருக்களில் ஒரு பெரிய பனிக்கட்டியை ஒன்பது மணி நேரத்துக்கும் மேல், அது கரைந்து இல்லாமல் போகும் வரை தள்ளிக்கொண்டே போனார். வீடியோ ஐந்து நிமிடம்தான். ஆனால் அது வேகப்படுத்தியதில்லை, வெட்டிச் சேர்த்தது. நாம் பார்க்கும் துண்டுகள் அவற்றின் சொந்த வேகத்தில்தான் ஓடுகின்றன.

பனிக்கட்டி என்றால் இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒரு மாணவி காய்ந்த பூக்களைப் பனிக்கட்டிக்குள் உறையவைத்துக் கொண்டுவந்தார். பார்வையாளர்கள் முன்னால் மெல்லக் கரைந்து பூ வெளியே வரவேண்டும் என்பது திட்டம். மதிப்பீட்டுக் குழு இரண்டு மணி நேரம் தாமதம். அவர்கள் வந்தபோது ஒரு தட்டில் ஈரப்பூவும் தண்ணீரும்தான் இருந்தன. 'வந்தவர்கள் நிகழ்காலத்தைத் தவறவிட்டுவிட்டார்கள்' என்று அவர் சமாளித்தார், சிரித்துவிட்டார்கள். எல்லாக் குழுவும் சிரிக்காது. அதே அறையில், அதே அளவுக் கட்டியை முன்னாலேயே கரையவிட்டு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துவையுங்கள். மூன்று கட்டிகளை வெவ்வேறு நேரத்தில் எடுத்துவைத்தால் இன்னும் பாதுகாப்பு. தரையில் மின்கம்பி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வெறுமனே பார்ப்பது

இதைத்தான் நான் பெரும்பாலானவர்களுக்குச் சொல்வேன். சொன்னால் முகம் சுருங்கும். 'பார்ப்பது எப்படி புராஜெக்ட் ஆகும்?'

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஜெனிஃபர் ராபர்ட்ஸ், ஆய்வுக் கட்டுரை எழுதும் மாணவர்களை, முதலில் போய் ஒரே ஓவியத்தின் முன் மூன்று மணி நேரம் உட்காரச் சொல்வது பரவலாகத் தெரிந்த விஷயம். அவரே ஜான் சிங்கிள்டன் காப்லி 1765இல் தீட்டிய, அணிலோடு இருக்கும் சிறுவனின் ஓவியத்தின் முன் அப்படி உட்கார்ந்து பார்த்தார். சிறுவனின் காது வளைவும் அணிலின் வயிற்றோர மயிரும் ஒரே வடிவம் என்று கண்ணில் பட ஒன்பது நிமிடம் ஆயிற்று. பின்னால் தொங்கும் திரைச்சீலையின் மடிப்புகள் அதே காதையும் கண்ணையும் திரும்பச் சொல்கின்றன என்று தெரிய முக்கால் மணி நேரம். அதுவரை அந்த மடிப்புகள் அங்கேதான் இருந்தன.

இதை வரைதலாக மாற்ற எளிய வழி உண்டு. வரைபவர்கள் 'பிளைண்ட் கான்டூர்' என்பார்கள். கண்ணைப் பொருளின் விளிம்பில் வைத்து, தாளைப் பார்க்காமல், பேனாவை எடுக்காமல் வரைவது. கண் எறும்பு வேகத்தில் ஊரவேண்டும், பேனாவும் அதே வேகத்தில். ஏமாற்றத் தோன்றும். அதற்கு ஒரு அட்டையில் ஓட்டை போட்டுப் பென்சிலைச் செருகிக்கொண்டால் கை மறைந்துவிடும், எட்டிப் பார்க்கவே முடியாது. கிடைப்பது கோணல் மாணலாகத்தான் இருக்கும். கண் கன்னத்தில் இருக்கும், ஆறாவது விரல் முளைத்திருக்கும். ஆனால் கவனம் எந்த இடத்தில் போனதோ அந்த இடத்தில் கோடு வழுக்கி ஓடியிருக்கும். கவனம் இருந்த இடத்தில், ஒரு நகத்தின் ஓரமோ சட்டை மடிப்போ, தாளைப் பார்த்து நிதானமாக வரைந்தபோதுகூடக் கிடைக்காத உண்மையோடு வந்திருக்கும். கவனத்தின் வரைபடமே அந்தத் தாளில் கிடைக்கிறது. இந்தத் தலைப்புக்கு வேறென்ன சான்று வேண்டும்? மறைந்துபோகும் வேலையில் இருந்த கேமரா தொல்லையும் இங்கே இல்லை.

ஒரே பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த இடது கை போதும், எப்போதும் கூடவே இருக்கும். நாற்பது தாள், ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம். ஓரத்தில் தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடுவில் என்ன நினைப்பு வந்து இழுத்தது என்று ஒரு வரி. முதல் ஐந்து தாளில் அந்த ஓரக்குறிப்பே நீளமாக இருக்கும். பதினைந்தைத் தாண்டினால் அது சுருங்குவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். எல்லோரிடமும் இல்லை. சிலருக்கு முப்பதாம் தாளில் சலிப்புதான் உச்சம், அதையும் எழுதட்டும்.

குறை என்ன? கண்காட்சியில் சத்தம் போடாது. நாற்பது கோணல் கைகளைப் பார்த்து 'இது யார் போட்டது, சின்னப் பிள்ளையா?' என்று கேட்பவர் நிச்சயம் ஒருவர் இருப்பார். அழகாக வரைவேன் என்று பெயர் எடுத்தவருக்கு இது உண்மையிலேயே வலிக்கும். அவர்களுக்காக ஒரு மாற்று: ஒரே இடம், ஒரே கோணம், வெவ்வேறு வெளிச்சம். 1892, 1893இல் பிரெஞ்சு ஓவியர் மோனே ரூவன் நகரத் தேவாலயத்தை அப்படித்தான் வரைந்தார். பல கேன்வாஸ்களைப் பக்கத்தில் வைத்து, வெளிச்சம் மாறமாற ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, முப்பதுக்கும் மேல். ஆனால் அந்தக் 'கண'ங்களை அவர் முடித்தது பிறகு, ஊருக்குத் திரும்பி, தன் ஓவியக்கூடத்தில். படங்களில் போட்டிருக்கும் ஆண்டு 1894. நிகழ்காலத்தை வரைகிறேன் என்று சொன்னவர்கள் எல்லோருமே இப்படிக் கொஞ்சம் ஏமாற்றியிருக்கிறார்கள். நீங்களும் கொஞ்சம் ஏமாற்றலாம், ஒத்துக்கொண்டால் சரி.

கேமரா, அப்புறம் உடம்பு

கைப்பேசியில் 'தினமும் ஒரு அழகான கணம்' என்று படம் எடுப்பதை நான் கடைசியில்தான் வைப்பேன். அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹெங்கல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் புகைப்படம் எடுத்த பொருள்களைவிட வெறுமனே பார்த்த பொருள்களே பங்கேற்றவர்களுக்கு நன்றாக நினைவிருந்தன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் ஓய்வெடுத்துக்கொள்கிறது. ஆனால் அதே ஆய்வில், பொருளின் ஒரு பகுதியை நெருக்கமாக எடுத்தவர்களுக்கு இந்த இழப்பு ஏற்படவில்லை. அதனால் கைப்பேசிதான் என்று பிடிவாதமாக இருந்தால், ஒரு நாளைக்கு ஒரே ஒரு கிளிக், அதுவும் நெருங்கிப்போய் ஒரு சிறு பகுதி, நீக்கவும் திருத்தவும் கூடாது என்று விதி போட்டுக்கொள்ளுங்கள்.

மெதுவான கேமரா வேறு ஜாதி. லென்ஸுக்குப் பதில் ஊசித்துளை மட்டுமே உள்ள ஊசித்துளை கேமராவில் புகைப்படத் தாளை வைத்தால், ஒரு படத்துக்குச் சில விநாடிகளிலிருந்து பல நிமிடங்கள் வரை ஆகும். கடந்து போகிறவர்கள் பதியமாட்டார்கள். அசையாமல் நின்றவர் மட்டும் பதிவார். 1838இல் புகைப்படக்கலை முன்னோடி தகேர் பாரிஸ் தெரு ஒன்றை எடுத்த படத்தில் இதுதான் நடந்தது. ஆளும் வண்டியும் நிறைந்த தெரு வெறிச்சோடித் தெரியும். காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள நின்ற ஒருவர் மட்டும் ஓரத்தில் இருப்பார். நின்றவர்தான் படத்தில் இருக்கிறார். இந்தத் தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான இயற்பியல் எனக்குத் தெரியவில்லை. நண்பர்களை ஒவ்வொருவராக ஐந்து நிமிடம் கேமரா முன் உட்காரவைத்தால், யார் எவ்வளவு அசைந்தார் என்பது முகத்திலேயே மங்கலாகத் தெரியும். இருட்டறை வசதி இருந்தால் இதை 'வெறுமனே பார்ப்பது'க்கு அடுத்த இடத்தில் வைப்பேன். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள், பாதி நேரம் தாள் கறுத்துப்போவதிலேயே கழிந்துவிடும்.

நிகழ்த்துகலை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2010இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நிகழ்த்துகலைஞர் மரினா அப்ரமோவிச் ஏறத்தாழ மூன்று மாதம், திறந்திருந்த நேரமெல்லாம் நாற்காலியில் அமர்ந்து, எதிரே வந்து உட்கார்ந்தவர்களைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப்பின் உலகெங்கும் மாணவர்கள் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். அவர் 700 மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்ததுதான் வேலை; நாம் மதிய இடைவேளையில் நாற்பது நிமிடம் உட்கார்ந்தால் அது நகல். எதிரே உட்காருகிறவர் அழுதுவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதையும் யோசித்திருக்க வேண்டும். அந்த அளவுக்குத் தயாராக இல்லாதவர்களுக்கு இது வேண்டாம்.

உடம்பால் ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்றால் நடங்கள். பிரிட்டிஷ் கலைஞர் ரிச்சர்ட் லாங் 1967இல் லண்டனில் கலைக்கல்லூரி மாணவராக இருந்தபோது ஒரு புல்வெளியில் நேர்கோட்டில் போவதும் வருவதுமாக நடந்தார். புல் படிந்து ஒரு கோடு தெரியும் வரை. அதை ஒரு படம் எடுத்தார், அவ்வளவுதான். மாணவர் ஒருவர் செய்த அந்த வேலை இன்று கலை வரலாற்றில் இருக்கிறது. பொருள் எதுவும் வாங்கவில்லை, யாரையும் தொந்தரவு செய்யவில்லை. கோடு தெரியும்வரை நிறுத்த முடியாது என்பதால் கவனச் சோதனையிலும் தேறுகிறது.

எதை எடுப்பது

கையில் இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றால் தினவரிசையை மறந்துவிடுங்கள், பதினான்கு படத்தில் எதுவும் நிற்காது. இடது கையை வரையுங்கள். இரண்டு மாதம் இருந்தால் தினவரிசை, ஆனால் நள்ளிரவு விதியோடு. மதிப்பிடுகிறவர் திறந்த மனதுள்ளவர் என்று தெரிந்தால் மட்டும் தண்ணீரும் பனியும். போர்ட்ஃபோலியோவாக அடுத்த கல்லூரிக்கு அனுப்பவேண்டி இருந்தால் தாளில் இருக்கும் வேலையே உதவும், கரைந்துபோன வேலைக்கு விளக்கம் எழுதியே சோர்ந்துவிடுவீர்கள். உட்காரவே முடியாத ஆள் என்றால் நடை. வீம்புக்காக அப்படிப்பட்டவர் கான்டூரை எடுத்து மூன்றாம் தாளில் விட்டதையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டு மூன்றைக் கலக்கலாமா என்று கேட்பார்கள். தண்ணீரில் எழுதி, அதைத் தினமும் படமெடுத்து, நடுவில் ஒரு நிகழ்த்துகலையும் சேர்த்து என்று. வேண்டாம். ஒரே வேலையில் தங்கமுடியாமல் தாவுவதைத்தானே இந்தத் தலைப்பு கேள்வி கேட்கிறது.

தேர்ந்தெடுக்கும் முன் ஒரு நாள் ஒதுக்கி, உங்கள் பட்டியலில் மிஞ்சும் இரண்டையும் தலா ஒரு மணி நேரம் செய்து பாருங்கள். யோசனையாக இருக்கும்போது எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, எத்தனை முறை எழுந்து போகத் தோன்றியது என்று ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். கோடு குறைவாக விழுந்ததை எடுக்கவேண்டும் என்று இல்லை. சில சமயம் அதிகம் விழுந்ததுதான் உங்களுக்கான வேலை. எதுவானாலும் அந்தத் தாளைத் தூக்கிப்போடாதீர்கள். விளக்கக் குறிப்பு எழுத உட்காரும்போது முதல் பத்திக்கு அதுவே போதும்.